தஸ்வா ஓடையில் வெடி இல்லை

"யார் கேட்டாலும் வண்டி ஏறிருச்சுன்னு சொல்லு. ஜாக்கி நழுவிச்சு, சக்கரம் கால்ல இறங்கிருச்சு. அவ்வளவுதான், அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத" என்றான் லெஹபீப்.

கட்டிலில் கிடந்த தெய்தா கண்ணை மூடியபடியே தலையை ஆட்டினான்.

சல்கா தம்பியின் போர்வையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இடப்பக்கம் போர்வை பாதம் வரைக்கும் மேடாக இருந்தது. வலப்பக்கம் முழங்காலோடு மேடு முடிந்து, அதற்குக் கீழே கட்டிலின் தகரம் வரைக்கும் மட்டமாகக் கிடந்தது. இன்னும் கல்யாணம் ஆகாதவன். போன பெருநாளன்று ஒட்டகப் பந்தயத்தில் ஓடிக் குதித்து ஏறியவன்.

"டாக்டருக்குத் தெரியாதா, வண்டி ஏறின கால் எது, வெடிச்ச கால் எதுன்னு?" என்று கேட்டாள்.

"டாக்டர் என்ன கல் பொறுக்கவா வரப்போறாரு, தங்கச்சி?" லெஹபீப் அங்கியின் இரு பக்கத்தையும் தோளுக்கு மேல் மடித்துப் போட்டுக்கொண்டு எழுந்தான். "வெள்ளிக்கிழமை கல் வாங்க வெளிநாட்டுக்காரன் வர்றான். அதுவரைக்கும் இடம் வெளியே தெரியக்கூடாது. தெரிஞ்சுதுன்னா ஊரே வண்டியைக் கட்டிக்கிட்டுப் போய் அள்ளிக்கிட்டு வந்துரும். அப்புறம் வானத்துல இருந்து விழுந்த கல்லுக்கு மரியாதை ஏது? உன் தம்பிக்கு நல்ல காலா ஒண்ணு வாங்கிப் போடணுமில்ல? நான் அவன் நன்மைக்குத்தான் சொல்றேன்."

வாசலில் நர்ஸ் பெண்ணிடம் சிரித்துப் பேசிவிட்டுப் போனான். லெஹபீப் எப்போதும் அப்படித்தான். ஸ்மாரா என்கிற அந்தப் பாலைவன ஊரில் கல் தேடப் போகிற வண்டிகளில் பாதிக்கு அவன்தான் டீசல் போடுகிறவன். மாவு, சர்க்கரை, தேயிலை, தண்ணீர் எல்லாம் அவன் கொடுப்பான், வருகிற கல்லில் பாதி அவனுக்கு. கால் போனால் அதில் பாதி அவனுக்குக் கிடையாது.

அவன் செருப்புச் சத்தம் போனதும் தெய்தா கண்ணைத் திறந்தான்.

"அந்த பிளாஸ்டிக் பையில என் அங்கி இருக்கு. பாக்கெட்டைப் பாரு."

இரண்டு கை முட்டி சேர்ந்த அளவில் ஒரு கல். அடுப்புச் சாம்பலில் புதைத்துச் சுட்ட ரொட்டியின் கருகிய அடி மாதிரி முழுக்கக் கறுப்பு. ஒரு மூலை மட்டும் உடைந்து உள்ளே வெளிறிய சாம்பல் நிறம் தெரிந்தது. கறுப்பின் மேல் பழுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. சல்கா அதைத் துடைக்கவில்லை.

"இதை எடுக்கத்தான் போனியா?"

"எடுத்துட்டுத் திரும்பறப்பதான். லெஹபீபுக்கு இது தெரியாது. கூடப் போன மஹ்ஜூப்புக்கும் தெரியாது. சின்னச் சின்னதாத்தான் அவங்க பார்த்தாங்க. வெச்சுக்க, யார்கிட்டயும் காட்டாத."

"எங்கடா நடந்துச்சு?"

"தஸ்வா ஓடை. மூணு வேலமரம் நிக்குமே, அதுக்கு அந்தாண்ட."

"பொய் சொல்லாத. அங்க நான் ஆடு மேய்ச்சிருக்கேன். அங்க ஏது வெடி?"

"அப்போ இல்ல. போன மழைக்குப் பெரிய வெள்ளம் வந்துச்சே. மேல பட்டாளத்து மணல் சுவர்ப் பக்கத்துல பழைய சண்டையில புதைச்ச கண்ணிவெடியையெல்லாம் உருட்டிக்கிட்டு வந்து ஓடையில போட்டுருச்சு. மணல் மூடிக்கிச்சு." பேசிவிட்டு மூச்சு வாங்கினான். "கால்கிட்ட இன்னொண்ணு பார்த்தேன்க்கா. பச்சைத் தகரம், பாதி தெரிஞ்சுது. மஹ்ஜூப் என்னை இழுத்துக்கிட்டு வர்றப்போ அது மேல உரசாம வந்ததே அல்லா கருணை."

"இதை நாலு பேருக்குச் சொல்ல வேண்டாமாடா?"

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் சொல்லிக்கலாம்."

அவள் கையை ஓங்கினாள். கால் போனவனை எங்கே அடிப்பது? கல்லை, உடம்பைச் சுற்றிய மெல்ஹஃபாத் துணியின் முந்தியில் முடிந்துகொண்டு வெளியே வந்தாள். தெரு முழுக்க வெயில்.

வீட்டு வாசலில் புருஷன் ஸுவைலம் லேண்ட்ரோவரின் மேல் தண்ணீர்க் கேன்களை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். வண்டி அவனுடையது. தேடப் போகிறவர்களுக்கு வாடகைக்கு ஓட்டுவான், கல் கிடைத்தால் வண்டிக்கு ஒரு பங்கு. சல்காவைப் பார்த்ததும் பல்லைக் காட்டினான். அவனுக்கு நல்ல சவாரி கிடைத்திருந்தது.

"ஹம்மாதி கூப்பிட்டிருக்கான். மூணு வண்டி. மதியத் தொழுகை முடிஞ்சதும் கிளம்புறோம்."

"எங்க?"

"எங்கேயோ. உனக்கெதுக்கு?"

"எங்கன்னு கேட்டேன்."

"தஸ்வா. மஹ்ஜூப் டீ குடிக்கிறப்போ உளறிட்டானாம். உன் தம்பி வண்டி ஏறுச்சுன்னு கதை விட்டுக்கிட்டுப் படுத்திருக்கான், கல்லு என்னமோ தஸ்வாவுல கிடக்குது. சொந்த மச்சான், எனக்கு ஒரு வார்த்தை சொல்லல பாரு."

"தஸ்வாவுல வெடி இருக்கு. அவன் கால் வெடியில போச்சு."

ஸுவைலம் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டான். பிறகு சிரித்தான்.

"நீயுமா?"

அது நியாயமான கேள்விதான். கல் கிடைத்த இடத்தை இந்த ஊரில் எவனும் உண்மையாகச் சொன்னதில்லை. வடக்கே எடுத்தவன் தெற்கே என்பான். அதையும் மீறி இடம் தெரிந்துவிட்டால், 'அங்க போகாதீங்கப்பா, வெடி இருக்கு' என்பான். அப்படிச் சொல்லிச் சொல்லி இந்தப் பாலைவனத்தில் வெடி இல்லாத இடமே இல்லை என்று ஆகிவிட்டது, அதனால் வெடி எங்குமே இல்லை என்றும் ஆகிவிட்டது. வெடி எடுக்க வந்த அதிகாரிகள் ஆபத்தான இடத்தின் ஓரங்களில் கல்லுக்குச் சிவப்பு பூசி வைத்துவிட்டுப் போனார்கள். அதையும் கல் தேடுகிறவர்கள் பிடித்துக்கொண்டார்கள். நல்ல இடம் கண்டுபிடித்தவன் திரும்பி வரும்போது பத்துக் கல்லுக்குச் சிவப்பு அடித்துவிட்டு வந்துவிடுவான், வேறு எவனும் உள்ளே போகாமல் இருக்க. இப்போது சிவப்புக் கல்லைப் பார்த்தால் ஜனங்கள் வண்டியை அந்தப் பக்கமாகத் திருப்புகிறார்கள்.

அந்தச் சாயத்தில் ஒரு டப்பா அவள் வீட்டிலேயே இருந்தது. இப்போது வண்டியின் பின்சீட்டுக்கு அடியில் அது இருப்பதையும் பார்த்தாள்.

"இது எதுக்கு?"

"கிடைச்சா பூசிட்டு வரத்தான்."

"ஸுவைலம், நான் ஆஸ்பத்திரியில இருந்து வர்றேன். அவன் காலைப் பார்த்துட்டு வர்றேன்."

"கால் போனது நிஜம்தான். வண்டி ஏறினாலும் கால் போகும். அவனே வண்டின்னு சொல்றான், நீ வெடிங்கிற. நான் யாரை நம்பறது?"

"பொண்டாட்டியை நம்பு."

"பொண்டாட்டிதான். ஆனா அவனுக்கு அக்காவாச்சே" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். விலை படியாதவனிடம் பேசுகிற மாதிரி இருந்தது அது.

பெட்ரோல் பங்கின் நிழலில் மற்ற இரண்டு வண்டிகளும் நின்றன. ஸுவைலம் தன் வண்டியோடு அவளுக்கு முன்பே அங்கே வந்திருந்தான். ஆறேழு ஆண்கள் கண்ணாடித் தம்ளர்களில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சல்கா நடந்து வருவதைப் பார்த்ததுமே ஹம்மாதி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து சலாம் வைத்தான். அவன் ஊரில் பெரிய தேடல்காரன். வானத்துக் கல்லா என்று ஒட்டிப் பார்க்கக் காந்தம் கட்டிய தடியை ஊன்றிக்கொண்டுதான் நிற்பான்.

"வாம்மா தங்கச்சி. ஸுவைலம் அப்பவே போன் பண்ணிட்டான், நீ வருவேன்னு. என்ன, தஸ்வாவுல வெடி முளைச்சிருக்காமே?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிங்க. என் தம்பி கால் அங்கதான் கிடக்கு" என்றாள் சல்கா.

"உன் தம்பி வண்டிங்கிறான், நீ வெடிங்கிற. ஒரே வீட்டுல ரெண்டு கதையா? முதல்ல உக்காந்து பேசி ஒரு கதையா முடிவு பண்ணிட்டு வாங்கம்மா, நாங்க இருந்து கேட்கிறோம்."

"லெஹபீப் சொல்லச் சொன்னான், அவன் சொல்றான். விலைக்காக."

"சரி. நீ எதுக்காகச் சொல்றே?"

"நீங்க சாகக்கூடாதுன்னு."

"அட! போன வருஷம் எங்க சித்தப்பா மகனும் இதையேதான் சொன்னான். அழுதே சொன்னான். குரான் மேல கை வைக்கல, அது ஒண்ணுதான் பாக்கி. நாங்களும் மூணு மாசம் அந்தப் பக்கமே போகல. அவன் அங்கிருந்து அள்ளி வித்து இப்போ மாடி கட்டிட்டான். தினம் அந்த மாடி நிழல்லதான் நான் உக்காந்து டீ குடிக்கிறேன்."

ஒருவன் சிரிப்பில் புரையேறி இருமினான். ஸுவைலம் வண்டிச் சக்கரத்தின் காற்றைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்துகொண்டான். அவள் பேச்சு அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவன் முதுகைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இந்த முதுகு நாளைக்குப் போர்வைக்கு அடியில் எப்படிக் கிடக்கும் என்று நினைத்தாள். பிள்ளைகள் இரண்டும் அத்தை வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தன.

சத்தியம் பண்ணலாம். சத்தியத்துக்கு இங்கே மதிப்பில்லை. அழலாம். மாடிக்காரன் அழுதுவிட்டான். உண்மையான பேச்சு எதுவும் மிச்சமில்லை, எல்லாவற்றையும் இவர்கள் பொய்க்குச் செலவு பண்ணிவிட்டார்கள்.

அவள் ஸுவைலமின் வண்டிக் கதவைத் திறந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"என்னடி பண்றே?"

"நானும் வர்றேன். எடு."

ஹம்மாதிக்குச் சந்தோஷம். "நல்லதாப் போச்சு. வேலமரம் எந்த வேலமரம்னு தேட வேண்டாம் பாரு. வழி காட்டத்தானே வர்றே தங்கச்சி? உனக்கும் ஒரு பங்கு போட்டுருவோம்."

"போடு. எல்லாம் அங்க போய்ப் போடு."

வழியெல்லாம் மடியில் முந்தி முடிச்சு கனத்தது. ஸுவைலம் இரண்டு தடவை பேச்சுக் கொடுத்துப் பார்த்தான், இன்ஜினில் ஏதோ சத்தம் கேட்கிறது என்றான், ஒட்டகங்களைக் காட்டினான். அவள் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரளைத் தரையில் வண்டிகள் பக்கம் பக்கமாக ஓடின. பக்கத்து வண்டியில் யாரோ பாடினார்கள்.

மூன்று வேலமரம் தெரிந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஓடையின் கரையில் சல்கா கையைக் காட்டினாள். "நிறுத்து."

"இன்னும் கொஞ்சம் உள்ள போகலாமே."

"நிறுத்துடா!"

புருஷனை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. நிறுத்தினான். மற்ற வண்டிகளும் பின்னால் வந்து நின்றன. ஆண்கள் இறங்கிக் காலை உதறிக்கொண்டார்கள். எதிரே ஓடை அகலமாக, வெள்ளையாக, ஒரு பாவமும் அறியாத மாதிரி கிடந்தது. மணல் மேல் தெய்தாவை இழுத்துவந்த தடம் இன்னும் முழுதாக அழியவில்லை. அது ஓடைக்குள்ளிருந்து கரை வரைக்கும் வந்து, அங்கே பழைய சக்கரத் தடத்தோடு சேர்ந்தது. தடத்தின் அடுத்த நுனியில் ஒரு சின்னக் குழி. குழிக்கு இந்தப் பக்கம் ஒற்றைச் செருப்பு.

ஆண்கள் அதைப் பார்த்தார்கள்.

"செருப்பை யார் வேணாலும் போடலாம்" என்றான் ஹம்மாதி. ஆனால் குரல் பங்கில் பேசிய குரலாக இல்லை. "குழி நாய்கூடத் தோண்டும்."

"அப்போ இறங்கு."

"இறங்கத்தான் போறேன். என்ன அவசரம்?"

"இறங்கு ஹம்மாதி. காந்தத்தை ஊனிக்கிட்டு நட. உன் பின்னாடியே இவங்களும் வரட்டும். வெடிதான் இல்லையே."

ஹம்மாதி தடியை மணலில் ஊன்றினான். ஒரு காலை எடுத்துவைத்தான். அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

சல்கா முந்தி முடிச்சை அவிழ்த்துக் கல்லைக் கையில் எடுத்தாள்.

அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. அவர்கள் வாழ்நாளில் பார்த்த வானத்துக் கற்களில் பாதி நகத்தளவு, மீதி கொட்டைப்பாக்களவு. விழுந்து சில வாரமே ஆன, மழை படாத, கறுப்பு குறையாத, இந்த அளவுக் கல்லை லெஹபீபின் கடையில்கூட அவர்கள் கண்டதில்லை. ஸுவைலமின் வாய் திறந்தே இருந்தது. வண்டியில் இத்தனை தூரம் அவன் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது.

"அல்லாவே" என்றான் ஹம்மாதி. எடுத்துவைத்த காலைப் பின்னால் வாங்கிக்கொண்டு அவளை நோக்கி வந்தான். "கொடு தங்கச்சி, தூக்கிப் பாக்குறேன். பத்திரம், கை வேர்வை படக்கூடாது..."

"என் தம்பி இதைத் தூக்கிட்டுத் திரும்பறப்பதான் வெடிச்சுது. இதை வித்தா அவனுக்குக் கால் போடலாம், கடை வெச்சுக்கலாம், பொண்ணு பார்க்கலாம். பொய் சொல்றவ இதை என்ன பண்ணுவா?"

"சல்கா!" என்று ஸுவைலம் கத்தினான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

அவள் கையைப் பின்னுக்கு வாங்கி, ஆடு விரட்டக் கல் வீசுகிற வீச்சில், ஓடைக்குள் வீசினாள்.

ஹம்மாதிதான் முதலில் விழுந்தான். தடியை விட்டுவிட்டு முகம் குப்புற மணலில். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள், வரிசையாக, தலையைக் கையால் பொத்திக்கொண்டு. ஸுவைலம் வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் சுருண்டான். ஒருவன் தலைத்துணி அவிழ்ந்து காற்றில் போனது. எல்லா ஆண்களும் தரையோடு ஒட்டிக் கிடக்க, சல்கா மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

கல் குழிக்கு அந்தப் பக்கம் தொப்பென்று விழுந்து, பாதி புதைந்து நின்றது. ஒன்றும் வெடிக்கவில்லை.

"எந்திரிங்க" என்றாள். "எந்திரிங்கடா. வெடி இல்லாத ஊர்ல எதுக்குப் படுத்துக் கிடக்கீங்க? மாடி நிழல்ல உக்காந்து டீ குடிக்கிற ஆம்பளைங்களா, எந்திரிங்க. வாய்தான் வெடி இல்லைங்குது. உடம்புக்குத் தெரிஞ்சிருக்கு பாரு!"

ஒவ்வொருவராக எழுந்தார்கள். அங்கியிலிருந்து மணலைத் தட்டினார்கள். ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்கவில்லை.

"பைத்தியக்காரி" என்றான் ஹம்மாதி. மூக்கில் மணல் ஒட்டியிருந்தது. "அது எவ்வளவு பெறும்னு தெரியுமா உனக்கு?"

"போய் எடுத்துக்கோ. எடுக்கிறவனுக்கே அது. நான் பங்கு கேட்கமாட்டேன். லெஹபீப் பாதி கேட்கமாட்டான். கண்ணுக்கு எதிரிலதான் கிடக்கு, தேடக்கூட வேண்டாம்."

கல் வெள்ளை மணலில் கன்னங்கரேலென்று உட்கார்ந்திருந்தது. குழந்தைகூட ஓடிப் போய் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் போல அவ்வளவு பக்கம். ஆண்கள் அதைப் பார்த்தார்கள், செருப்பைப் பார்த்தார்கள், மறுபடி கல்லைப் பார்த்தார்கள். ஒருவரும் நகரவில்லை. ஸுவைலம் வந்து அவள் தோளில் கை வைத்தான். தட்டிவிட்டாள்.

"சாயத்தை எடு."

டப்பாவுக்குள் சாயம் தோல் கட்டியிருந்தது. ஸுவைலம் குச்சியால் கிழித்து, டீசல் கொஞ்சம் ஊற்றிக் கலக்கினான். அவள் அதை வாங்கி ஹம்மாதியின் கையில் திணித்தாள்.

"நீ பூசு. கரை முழுக்க. நாளைக்கு எவனாவது இது பொய்ச் சாயம்னு சொன்னா, நான்தான் பூசினேன், குப்புற விழுந்து மூக்குல மணலோட பூசினேன்னு நீ சொல்லணும்."

ஹம்மாதி குனிந்தான். கரையோரக் கற்களுக்குத் துணியைத் தோய்த்துத் தோய்த்துப் பூசினான். ஒவ்வொரு கல்லுக்கும் ஒருமுறை நிமிர்ந்து ஓடைக்குள் கிடக்கிற கறுப்பைப் பார்த்தான். சல்காவும் பார்த்தாள். தெய்தாவிடம் என்ன சொல்வது? வெள்ளிக்கிழமை அவன் கல்லுக்காகக் கையை நீட்டிக்கொண்டு காத்திருப்பான். அவனிடமும் கத்துவாள். இப்போது நெஞ்சில் கத்துவதற்கு மட்டும் குறைவில்லை.

திரும்பும் வழியில் எதிரே புழுதி எழும்பியது. இரண்டு வண்டிகள் தஸ்வாவை நோக்கி வந்துகொண்டிருந்தன. மேலே தண்ணீர்க் கேன்கள், நீட்டிக்கொண்டிருந்த காந்தத் தடிகள். முன்வண்டி அருகே வந்து நின்றது. ஓட்டியவன் தலையை வெளியே நீட்டினான். முகம் தெரியாத பையன், ஊரில் மாடி வீட்டுப் பக்கத்து ஆள் போலிருந்தது.

"என்ன ஹம்மாதி அண்ணே, அதுக்குள்ள திரும்பிட்டீங்க? அள்ளியாச்சா?"

ஹம்மாதி விரலில் சிவப்போடு இறங்கினான். "போகாத தம்பி. வெடி இருக்கு. நிஜமா."

பையன் அவன் விரலைப் பார்த்தான். சாயத்தைப் பார்த்தான். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான். வண்டி முழுக்கச் சிரிப்பு வெடித்தது.

ஹம்மாதி திரும்பிச் சல்காவைப் பார்த்தான். இப்போது என்ன செய்வது என்று கேட்கிற பார்வை அது. எறிவதற்கு அவளிடம் இன்னொரு கல் இல்லை.

அவள் இறங்கிப் போய், அந்த வண்டியின் முன்சக்கரத்துக்கு எதிரே மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மெல்ஹஃபாவை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் ஸுவைலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு ஹம்மாதி, முனகிக்கொண்டே, அடுத்த சக்கரத்துக்கு எதிரே.

பையன் ஹாரனை அழுத்தினான். யாரும் எழவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.